இருநூற்றுப் பத்து மில்லிவிநாடி

டிரைவர் எழுதுகிறேன் என்றதும்
சித்தப்பா கேட்டார், லாரியா பஸ்ஸா என்று.
இரண்டும் இல்லை.
திரைக்கும் சில்லுக்கும் நடுவே நின்று
இவன் சொன்னதை அவனிடம் சொல்லுகிற வேலை.
சம்பளம் கிடையாது.
எங்கள் இயங்குதளத்தை உலகம் முழுக்க
அறுநூறு பேர் வைத்திருக்கிறார்கள்.
ஞாயிறு காலை பாயான் பாரு சந்தையில்
மீன் கடைப் பக்கம் மட்டும் அதைவிடக் கூட்டம்.

சில்லு யார் பெயரில் விற்றாலும்
கடைசியாகச் சோதித்துப் பெட்டியில் அடைப்பது
பாயான் லெப்பாசில்,
என் சன்னலிலிருந்து தெரியும் நீலக் கூரையின் கீழ்.
அங்கேதான் தவமலருக்கு வேலை.
முடி மூடி, முகம் மூடி, பன்னிரண்டு மணி நேரம்
தட்டுத் தட்டாக அவற்றை எழுப்பிப் பார்க்கிறாள்.
எழுந்தால் இந்தப் பக்கம். எழாவிட்டால் அந்தப் பக்கம்.
எழுப்பும் முறையை எழுதிய ஏடு
அவள் பிரிவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது.
எனக்குக் கழுத்தை நீட்டுவதற்கு ஈராண்டு முன்பே
வெளியே சொல்லமாட்டேன் என்று
நான்கு பக்கம் கையெழுத்திட்டவள்.

எனக்கு அந்த ஏடு இல்லை.
லினக்ஸ்காரர்கள் எழுதியதைப் பார்த்து எழுதலாம்;
பார்த்து முடிப்பதற்குள் அவர்கள்
அறையை மாற்றி, கதவை மாற்றி,
பூட்டையும் மாற்றியிருப்பார்கள்.
அவர்கள் ஆயிரம் பேர். குற்றம் சொல்ல முடியாது.
நாங்கள் மூவர்:
தாலினில் ஒருவன், பனிக்காலத்தில் மட்டும் உழைப்பான்.
குரித்திபாவில் ஒருத்தி, பிள்ளை பிறந்தபின் கடிதமில்லை.
மூன்றாவது நான்,
ரெலாவில், பதினான்காம் மாடியில்.

மடிக்கணினியைத் திறந்தால் கறுப்பு.
விசிறி சுற்றுகிறது, உள்ளே எல்லாம் ஓடுகிறது,
திரைக்கு மட்டும் தகவல் போகவில்லை.
ஒரு முகவரியில் கேள்வியை எழுதினால்
முப்பத்திரண்டு ஒன்றுகள் வரிசையாகப் பதில் வரும்.
அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம்.
பொத்தானை அழுத்திப் பிடி. அணை. எழுப்பு.
மறுபடி கறுப்பு.
அந்தக் கறுப்பில் என் முகமும்
பின்னால் காயப்போட்ட அவளுடைய காலுறையும் தெரியும்.

ஒருமுறை கேட்டேவிட்டேன்.
மீ கோரிங் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
"பேக்லைட்டுக்குக் கரண்டு குடுத்தப்பறம்
கொஞ்சம் காத்திருக்கணுமா?"
ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் போட்டாள்.
"கேக்காத," என்றாள்.
பிறகு எலுமிச்சையைப் பிழிந்தாள், என் பங்கிலும்.
அன்றிலிருந்து நான் நிரல் எழுதும்போது
திரைக்கு முதுகு காட்டி உட்காருவாள்.
அவள் புருவம் அசைந்தாலே எனக்குப் புரிந்துவிடும்.
அது அவளுக்கும் தெரியும்.

ஆகவே எண்ணினேன்.
பத்து மில்லிவிநாடி காத்திரு. கறுப்பு.
இருபது. ஐம்பது. கறுப்பு.
நூறில் ஏதோ வெட்டி அணைந்தது;
என் கண்ணின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில் நடந்து திரும்பி
கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தேன்.
இருநூற்றுப் பத்தில்,
விடிகாலை மூன்று மணிக்குத்
திரை வந்தது.

ஓரம் கிழியாமல்,
ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில்.
கத்தியிருப்பேன் போல.
தவமலர் எழுந்து வந்தாள்.
இரண்டு வருடத்தில் முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.
"சரியா?"
வெகுநேரம் பேசவில்லை.
பின்னணிப் படத்தில் ரம்புத்தான் குலை நீலமாக இருந்தது.
"கலரு தப்பு," என்றாள்.
அது யார் கண்ணுக்கும் தெரியக்கூடியது;
அந்த நான்கு பக்கத்தில் அதற்குத் தடையில்லை.
சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினேன்.
பழம் பழுத்தது.

ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பேருந்து.
காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்,
அடுத்த வாரத்திலிருந்து ஓவர்டைம்,
ஞாயிறும் உண்டு என்று.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அறுநூறு பேருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன்:
இந்தச் சில்லு இப்போது எழுகிறது.
"இந்த" என்ற சொல்லை அழித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடி எழுதினேன்.